அன்ஸென் என்றால் பாதுகாப்பா?

யோகோஹாமா நகரின் சுருமி வார்டில், கடலை ஒட்டி அன்ஸென்ச்சோ என்று ஒரு பகுதி இருக்கிறது. (சுனாமிக்கு முன்னால் ஒரு 'ட்' ஒளிந்திருப்பது போலவே சுருமிக்கு முன்னாலும் ஒன்று உண்டு. தமிழில் அதை விட்டுவிடுவதே வழக்கம்.) எண்ணெய்த் தொட்டிகள், கம்பி வேலி, சரக்குத் தண்டவாளங்கள், நடுவில் அன்ஸென் என்ற சின்ன ரயில் நிலையம். சுற்றுலாக் கையேடுகள் இந்தப் பக்கமே வராது. ஆனால் ஜப்பானிய ஊர்ப்பெயர்கள் எப்படிப் பிறக்கின்றன, நாம் அவற்றை எப்படித் தப்பாகப் படிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

ஜப்பானிய மொழி கொஞ்சம் தெரிந்த யாரும் இந்தப் பெயரைக் கேட்டதும் 'பாதுகாப்பு' என்றே பொருள் சொல்வார்கள். 'அன்ஸென்' என்ற ஒலிக்கு அன்றாடப் பேச்சில் அதுதான் பொருள். ஜப்பானியத் தொழிற்சாலை வாசல்களிலும் கட்டுமான இடங்களிலும் பச்சைச் சிலுவைக் குறியோடு 'அன்ஸென் தாயிச்சி' என்ற பலகை தொங்கும். 'பாதுகாப்பே முதலில்' என்று அர்த்தம். அன்ஸென்ச்சோவைச் சுற்றி இருப்பதெல்லாம் தொழிற்சாலைகள். நிலையத்துப் பெயரை ஹிரகானாவில் (ஒலியை மட்டும் காட்டும் ஜப்பானிய எழுத்து) எழுதினால் அந்தச் சொல்லுக்கும் இதற்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இருக்காது. தொழிற்பேட்டைக்குப் 'பாதுகாப்பு நகர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பது இயல்புதான். இயல்பான தப்பு.

பொருளையும் சேர்த்துக் காட்டும் கான்ஜி எழுத்தைப் பார்த்தால் விஷயம் வேறாகிவிடும். பாதுகாப்பு என்ற சொல்லில் இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து ஒரு கூரை, அதன் கீழே ஒரு பெண். அமைதி, நிம்மதி என்று பொருள் (மலிவு என்ற பொருளும் உண்டு). இரண்டாவது, 'முழுமை' என்ற ஆறு கோட்டு எழுத்து. ஊர்ப்பெயரில் முதல் எழுத்து அதேதான். இரண்டாவதுதான் வேறு: பன்னிரண்டு கோடுகள், தலையில் ஆடு, அடியில் வாய். 'நல்லது' என்று பொருள். இரண்டு எழுத்துக்கும் ஒலி 'ஸென்'. எழுத்தை விட்டு ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வேறு ஊருக்குத்தான் போய்ச் சேருவோம்.

இந்த 'அமைதி'யும் 'நல்லது'ம் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வெட்டி எடுத்தவை. யசுதா ஸென்ஜிரோ என்ற வங்கியாளர். 1838இல் தொயாமாவில் பிறந்து, எதோ (இன்றைய தோக்கியோ) நகரத்துக்கு வந்து நாணயமாற்றுக் கடை வைத்து, 1880இல் யசுதா வங்கியைத் தொடங்கியவர். அந்த வங்கி போருக்குப் பிறகு ஃபுஜி வங்கியாகி, இன்று மிஸுஹோவுக்குள் இருக்கிறது. பாடகி யோகோ ஓனோவின் தாய்வழிக் கொள்ளுத்தாத்தாவும் இவர்தான்.

'யசு' எப்படி 'அன்' ஆயிற்று? கான்ஜி எழுத்து ஒன்றுக்குப் பெரும்பாலும் குறைந்தது இரண்டு வாசிப்பு. சீனத்திலிருந்து எழுத்தோடு சேர்ந்து வந்த ஒலி 'ஒன்' வாசிப்பு. அதே பொருளுக்கு ஜப்பானியரிடம் முன்பே இருந்த சொல்லை அந்த எழுத்தின் மேல் ஏற்றிப் படிப்பது 'குன்' வாசிப்பு. நம்மிடம் மலை என்றும் கிரி என்றும் இரண்டு சொல் இருக்கிறதே, இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதி, இடத்துக்கு ஏற்றபடி படித்தால் எப்படியிருக்கும்? அப்படி. யசுதா என்பதில் முதல் எழுத்துக்குக் குன் வாசிப்பு: யசு. அடுத்தது நான்கு பாத்தி கட்டிய சதுரம் போன்ற 'வயல்' எழுத்து: தா. ஸென்ஜிரோவில் முதல் எழுத்து ஒன் வாசிப்பில் ஸென். 'ஜிரோ' இரண்டாம் மகனுக்கு வைக்கும் வழக்கமான பின்னொட்டு. குடும்பப் பெயரின் தலையெழுத்தையும் சொந்தப் பெயரின் தலையெழுத்தையும் மட்டும் எடுத்து ஒட்டினால் இரண்டெழுத்துச் சொல் ஒன்று கிடைக்கிறது. இப்படிப்பட்ட இரண்டெழுத்துச் சேர்க்கைகளை இரண்டிலும் ஒன் வாசிப்பாகப் படிப்பதே பெருவழக்கு. ஆகவே யசு-ஸென் இல்லை, அன்-ஸென்.

பெயரை இப்படிச் சுருக்குவது வணிகர்களிடையே பழைய பழக்கம். எதோ காலத்து மர வியாபாரி கினொகுனியா புன்ஸாஎமொனை ஊரே 'கிபுன்' என்றுதான் சொன்னது. பழைய வியாபார வாடையடிக்கும் சுருக்கம், இருபதாம் நூற்றாண்டுத் தொழிற்பேட்டையின் முகவரியாக உட்கார்ந்துவிட்டது.

சரி, ஒரு வங்கியாளரின் பெயர் கடலோரத்துக்கு ஏன் வந்தது? அந்த இடம் அப்போது கடலோரம்கூட இல்லை, கடல். சுருமிக்கும் கவாசாகிக்கும் நடுவே ஆழமில்லாத தோக்கியோ விரிகுடா. அதை நிரப்பி நிலமாக்கத் துணிந்தவர் அசானோ சோயிச்சிரோ, 1848இல் பிறந்தவர், யசுதாவைப் போலவே இன்றைய தொயாமா மாவட்டத்துக்காரர். யாரும் வேண்டாமென்று தள்ளுவதைக் காசாக்குவதில் கெட்டிக்காரர். யோகோஹாமா எரிவாயு ஆலையில் குப்பையாகக் குவிந்து கிடந்த கோக்கை (வாயு எடுத்தபின் மிஞ்சும் நிலக்கரிச் சக்கை) எடுத்து, ஃபுகாகாவாவில் இருந்த அரசு சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாக விற்றார். பிறகு அந்த ஆலையே அவர் கைக்கு வந்து அசானோ சிமெண்ட் ஆனது.

1890களின் கடைசியில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிவந்தபோது, அங்கே கப்பல் நேராகக் கரையை ஒட்டி நின்று சரக்கு இறக்குவதைப் பார்த்தார். யோகோஹாமாவில் அப்படியில்லை. கப்பல் தள்ளி நிற்கும். சரக்கை 'ஹஷிகே' என்ற தோணிகளில் இறக்கித் தோக்கியோவுக்குக் கொண்டுபோக வேண்டும். கடலில் வந்த தூரத்தைவிட இந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம். தொழிற்சாலையின் வாசலுக்கே கப்பல் வந்துவிட்டால்?

1908இல் அசானோ திட்டத்தைக் கொடுத்தார். தனி ஆள் ஒருவர் தாங்கக்கூடிய செலவா இது என்று கனாகாவா மாவட்ட நிர்வாகம் தயங்கியது. யசுதா நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டுப் பணத்துக்குப் பின்னால் நின்றார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. 1912இல் கூட்டாளிக் குழு அமைந்தது, 1913இல் வேலை தொடங்கியது, 1920களின் பிற்பகுதி வரை நீண்டது. மொத்தம் ஏறக்குறைய 15 லட்சம் சுபோ. ஒரு சுபோ சுமார் 3.3 சதுர மீட்டர். ஆக 500 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 1,200க்குச் சற்று மேல்.

முறை எளிமையானது, அளவுதான் பெரியது. முதலில் கடலுக்குள் கரை கட்டிச் சுற்றி வளைக்க வேண்டும். பம்பு பொருத்திய கப்பல் கடலடி மணலைத் தண்ணீரோடு உறிஞ்சிக் குழாய் வழியாக அந்த வளைப்புக்குள் கொட்டும். தண்ணீர் வடிந்துபோகும், மணல் தங்கும். மணல் எடுத்த இடம் ஆழமாகிக் கால்வாயாகிறது; கொட்டிய இடம் தீவாகிறது. ஒரே வேலையில் நிலமும் கப்பல் வழியும் கிடைத்துவிடுகின்றன. இன்றைய வரைபடத்தில் இந்தப் பகுதி சீப்பின் பற்கள் போல நீள நீளத் தீவுகளாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

கடலிலிருந்து எடுத்த நிலத்துக்குப் பழைய பெயர் கிடையாது. கோயில் இல்லை, குளம் இல்லை, வயல் இல்லை, யாரும் அங்கே ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. பெயர் வைக்க வேண்டுமென்றால் கையில் இருப்பது முதலீட்டாளர் பட்டியல்தான். அதிலிருந்தே வைத்தார்கள். 1926 மார்ச் 10 அன்று சுருமி துறைமுக ரயில்வே, அதாவது 'சுருமி ரின்கோ தெத்சுதோ', சரக்கு வண்டிகளை ஓட்டத் தொடங்கியது. இன்று அது ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் சுருமி லைன்: கிளைகளோடு சேர்த்து 9.7 கிலோமீட்டர், 13 நிலையங்கள். அதில் ஏறினால் பழைய கம்பெனியின் பங்குதாரர் கூட்டத்துக்குள் போவது மாதிரி இருக்கும்.

சுருமியிலிருந்து 3.0 கிலோமீட்டரில் அசானோ நிலையம். 3.5இல் அன்ஸென். 4.1இல் முசாஷி-ஷிராய்ஷி: இது அசானோவின் மருமகனும் நிப்பொன் கோகான் எஃகு நிறுவனத்தின் முதல் தலைவருமான ஷிராய்ஷி மொதோஜிரோவின் பெயர். கிளைப்பாதையின் முனையில் ஓகாவா: காகிதத் தொழில் அதிபர் ஓகாவா ஹெய்ஸாபுரோ. 7.0இல், பாதை முடியும் இடத்தில் ஓகிமாச்சி. 'ஓகி' என்றால் மடக்கு விசிறி. விசிறிக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அது அசானோ குடும்பத்தின் சின்னம்.

ஓகாவாவைத் தமிழில் எழுதும்போது ஓர் எச்சரிக்கை. முதல் எழுத்து நெடில். ஓ என்று நீட்டினால் 'பெரிய ஆறு'. ஒகாவா என்று குறிலில் எழுதினால் 'சின்ன ஆறு', அது வேறு குடும்பப் பெயர். 'க'வும் முதலாவதில் அழுத்தமாக, இரண்டாவதில் மென்மையாக ஒலிக்கும். தமிழ் எழுத்தில் அந்த வித்தியாசம் காட்ட முடியாது. குறில் நெடிலாவது சரியாக இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் நீட்டல் குறியில்லாமல் எழுதுவதைப் பார்த்து எழுதுகிறவர்கள்தான் பெரும்பாலும் இங்கே சறுக்குகிறார்கள்.

ஷிராய்ஷிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'முசாஷி' இந்தப் பகுதியின் பழைய மாகாணப் பெயர். அதே இரண்டு எழுத்துகளை வைத்து மியாகி மாவட்டத்தில் ஷிரோஇஷி என்று ஒரு நிலையம் முன்பே இருக்கிறது. வாசிப்பு வேறென்றாலும் எழுத்து ஒன்று. சீட்டிலும் சரக்கு ஆவணத்திலும் அச்சாவது எழுத்துதான். ஜப்பானிய நிலையப் பெயர்களில் பழைய மாகாணப் பெயர் முன்னால் வந்தால், பெரும்பாலும் 'இதே எழுத்தில் வேறெங்கோ ஒன்று இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளலாம். பெயர்க்காரணம் தேடும்போது அந்த ஒட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

மற்ற நிலையங்களையும் இதே சூத்திரத்தில் போட்டுவிடலாமா என்றால், கூடாது. ஷோவா நிலையத்தைப் பார்த்ததும் பேரரசர் காலத்துப் பெயர் என்று தோன்றும். உண்மையில் பக்கத்தில் ஆலை வைத்திருந்த ஷோவா ஹிரியோ என்ற உரக் கம்பெனியின் பெயர் அது (பின்னாளில் ஷோவா தென்கோ, 2023 முதல் ரெஸொனாக்). கம்பெனிதான் காலத்தின் பெயரை எடுத்துக்கொண்டது, நிலையம் கம்பெனியிடமிருந்து வாங்கிக்கொண்டது. ஷின்-ஷிபாவுரா, உமி-ஷிபாவுரா இரண்டும் ஷிபாவுரா பொறியியல் ஆலையின் பெயர். தோஷிபா என்பதில் வரும் 'ஷிபா' இதுதான். ஷிபாவுரா என்ற இடமோ தோக்கியோவில் இருக்கிறது. ஆலை இடம் மாறியபோது ஊர்ப்பெயரும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டது. கொகுதோ என்றால் வெறும் 'தேசிய நெடுஞ்சாலை'. அந்தச் சாலை குறுக்கே போகிறது, அவ்வளவுதான். சுருமி-ஓனோ முன்பு 'தொழிற்பள்ளி வாசல்' என்ற பெயரில் இருந்தது. 1943இல் அரசு ரயில்வே இந்தப் பாதையை எடுத்துக்கொண்டபோது பெயர் மாறியது. ஓனோ என்பது அங்கிருந்த ஓனோ ஷிந்தென் என்ற பழைய புதுக்கழனியின் பெயர். மேலே சொன்ன பாடகியின் பெயரோடு முடிச்சுப் போட்டுக் கதை கட்ட நல்ல வாய்ப்பு. கட்டாதீர்கள்.

அதே 1943 ஜூலை 1 அன்றுதான் 'அன்ஸென்ச்சோ' நிலையம் 'அன்ஸென்' என்று சுருங்கியது. இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. 'ச்சோ' ஒட்டியிருந்தவரை அது ஊர்ப்பெயர் என்று காதுக்குத் தெரியும். அதைக் கழற்றியதும் மிச்சமிருப்பது 'பாதுகாப்பு' மட்டும். இன்றும் பகுதியின் பெயர் அன்ஸென்ச்சோதான், நிலையத்தின் பெயர்தான் அன்ஸென். இதிலேயே இன்னொரு வேடிக்கை: 'ச்சோ'வும் ஓகிமாச்சியில் வரும் 'மாச்சி'யும் ஒரே எழுத்து. எங்கே எப்படிப் படிப்பது என்பதற்கு விதி கிடையாது. ஊர்க்காரர் சொல்வதுதான் விதி. அன்ஸெனிலிருந்து பிரிந்து எண்ணெய்க் கிடங்குக்குப் போன கிளையில் ஒரு சரக்கு நிலையத்துக்கு 'செகியு' என்றே பெயர், அதாவது 'பெட்ரோலியம்'. அதையும் 1943இல் ஹாமா-அன்ஸென் என்று மாற்றினார்கள். 'ஹாமா' கடற்கரை. 1986இல் அதை மூடிவிட்டார்கள்.

யசுதா இந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கவில்லை. 1921 செப்டம்பர் 28 அன்று ஓஇசோவில் இருந்த அவருடைய வீட்டில், நன்கொடை கேட்டு வந்தவன் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். 82 வயது. கஞ்சன் என்று பெயரெடுத்தவர். ஆனால் தோக்கியோ பல்கலைக்கழகத்துப் பேரரங்கத்துக்குத் தன் பெயர் வெளியே வரக்கூடாது என்று சொல்லிப் பணம் கொடுத்திருந்தார். 1925இல் கட்டி முடித்த அந்த அரங்கை எல்லாரும் 'யசுதா அரங்கம்' என்றுதான் சொல்கிறார்கள். அசானோவுக்கு வாய்த்தது கொஞ்சம் கூடுதல்: பயணிகள் வண்டி 1930 அக்டோபர் 28 அன்று ஓடத் தொடங்கியது, நவம்பர் 9 அன்று அவர் இறந்தார். பன்னிரண்டு நாள்.

கூட்டாளிக் குழுவில் ஷிபுசாவா எய்ச்சியும் இருந்தார். 2024 ஜூலை முதல் 10,000 யென் நோட்டில் இருப்பவர் அவர்தான். ஆனால் சுருமி லைனில் அவர் பெயரில் நிலையம் இல்லை. ஒதாக்யு ரயில் பாதையில் ஷிபுசாவா என்று ஒரு நிலையம் உண்டே என்று கேட்கலாம். அது ஹதானோ பக்கத்துப் பழைய கிராமத்தின் பெயர். எழுத்து ஒன்றாக இருப்பதாலேயே தொடர்பு இருக்க வேண்டும் என்று இல்லை.

இந்தக் கடைசி எச்சரிக்கையோடு, ஒரு ஜப்பானிய ஊர்ப்பெயரை எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லிவிடலாம். முதலில் கான்ஜி. ஹிரகானாவையோ ஆங்கில எழுத்தையோ வைத்துப் பொருள் சொல்லவே கூடாது. அடுத்து, அந்த இடம் நூறு வருஷத்துக்கு முன் என்னவாக இருந்தது? 'கொன்ஜாகு மாப்' என்ற இணைய வரைபடம் இதற்குக் கைகண்ட மருந்து. பழைய நிலவரைபடத்தையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். தலைநகர்ப் பகுதிக்கான தொகுதியில் மிகப் பழைய அடுக்கு 1896 முதல் 1909 வரை. அதில் அன்ஸென் நிலையம் இருக்கும் இடத்தில் சுட்டியை வைத்தால் கீழே தண்ணீர் மட்டும்தான்.

இந்த இரண்டாம் படிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. பழைய ஊராக இருந்தால் ஒலி முந்தி, எழுத்து பிந்தி. ஊரார் வாயில் இருந்த ஒலிக்குப் பின்னாளில் பொருத்தமான, அல்லது மங்களமான, எழுத்தைத் தேடி மாட்டியிருப்பார்கள். சுருமி என்பதை 'கொக்கைப் பார்' என்று எழுதுகிறார்கள். அதற்காகக் கொக்குக் கதையை அப்படியே நம்பிவிட முடியாது. நிரப்பிய நிலமாக இருந்தால் தலைகீழ். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் எழுதி, பிறகுதான் வாயால் சொன்னார்கள். அங்கே எழுத்தை நம்பலாம். பழைய ஊருக்கான முறையை நிரப்பிய நிலத்தில் போட்டாலும், நிரப்பிய நிலத்துக்கான முறையைப் பழைய ஊரில் போட்டாலும், பிசகும். மூன்றாவதாக, முசாஷி, ஷின் (புதிய), உமி (கடல்), ஹாமா போன்ற ஒட்டுகளைக் கழற்றுங்கள். நான்காவதாக, நிலையப் பெயரும் பகுதியின் பெயரும் ஒன்றுதானா, நடுவில் மாறியதா என்று பாருங்கள்.

நேரில் போகிறவர்களுக்கு: கெய்ஹின்-தோஹோகு லைனில் சுருமியில் இறங்கினால், சுருமி லைன் மேடை மேலே இருக்கிறது, 3, 4 எண்கள். முன்பு இந்த மாடியில் சீட்டைச் சரிபார்க்க நடுவே தனியாக ஒரு கேட் இருந்தது; 2022 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். வழியிலுள்ள நிலையங்களில் ஆள் கிடையாது. பயணக் கார்டு தொடும் கருவி ஒரு தூணில் சும்மா நிற்கும், தடுப்பு எதுவும் இருக்காது. இறங்கும்போது தொட மறந்தால் அடுத்த பயணத்தில் கார்டு மக்கர் பண்ணும்.

ஓகாவாவுக்குப் போக நினைப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஆவணப்படி ஓகாவா கிளை முசாஷி-ஷிராய்ஷியில் பிரிகிறது. ஆனால் அங்கே காத்திருந்தால் வண்டி நிற்காது. கிளைக்கான மேடை கடும் வளைவில் இருந்தது. 17 மீட்டர் நீளப் பழைய பெட்டிகள்தான் அதில் நுழைய முடியும். அந்தப் பெட்டிகளுக்கு 1996இல் ஓய்வு கொடுத்து 20 மீட்டர் பெட்டிகளைக் கொண்டுவந்தபோது மேடையை இடித்துவிட்டார்கள். அதனால் ஓகாவா வண்டியை அன்ஸெனில்தான் பிடிக்க வேண்டும். அதுவும் காலையிலும் மாலையிலும்தான்; வேலைக்குப் போகிறவர்களுக்கான வண்டி. மத்தியானத்தில் முசாஷி-ஷிராய்ஷியிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்துவிடுவதே மேல். உமி-ஷிபாவுராவில் மேடைக்கு நேர் கீழே கால்வாய். நிலையத்தின் வாசல் தோஷிபா வளாகத்துக்குள் திறக்கிறது, வெளியார் போக முடியாது. திரும்பும் வண்டி வரும்வரை உட்கார 1995இல் மேடையை ஒட்டி ஒரு குட்டிப் பூங்கா அமைத்தார்கள்.

அன்ஸென்ச்சோவுக்குள் இன்று பெரும் இடத்தைப் பிடித்திருப்பது அமெரிக்கப் படையின் எரிபொருள் கிடங்கு. அங்கிருந்து விமான எரிபொருளைத் தொட்டி வண்டிகளில் ஏற்றி, அன்ஸெனில் கோத்து, நம்பு லைன் வழியாக யோகோத்தா விமானதளத்துக்குப் பக்கத்திலுள்ள ஹைஜிமாவுக்கு அனுப்புகிறார்கள். ரயில் ரசிகர்கள் இந்த வண்டிக்கு வைத்திருக்கும் பெயர் 'பெய்தான்'. 'பெய்' அமெரிக்காவைக் குறிக்கும் எழுத்து, அரிசிக்கும் அதே எழுத்துதான். 'தான்' என்பது டாங்க்கின் தலை.